அரைக்காத மிளகாய்

எரியட்டும். கழுத்தில் ஆரம்பித்ததாம், இப்போது முதுகு முழுக்க இறங்கிவிட்டதாம். இன்னும் இறங்கட்டும். மெத்தையில் முதுகு வைக்க முடியாமல், சட்டை போட முடியாமல், ஏசி ரூமுக்குள் உட்கார்ந்துகொண்டு வேகட்டும். ஆனால் செத்துவிடக் கூடாது. செத்தால் எரிவது நின்றுபோகும்.

இதை நினைத்தபோது சென்னியம்மாளின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ரோட்டில் போனவர்களுக்கு அவள் வாசலில் சாக்கை விரித்துப் புளி தட்டிக்கொண்டிருந்தது மட்டும்தான் தெரிந்திருக்கும். காலுக்கிடையில் ஒரு கருங்கல், கையில் ஒரு சின்ன இரும்புக் கட்டை. ஒரு தட்டுத் தட்டினால் கொட்டை ஒரு பக்கம் தெறிக்கும், புளி விரலில் ஒட்டும். பொள்ளாச்சி மண்டிக்காரர் மூட்டையாக இறக்கிவிட்டுப் போவார். கிலோ கணக்கில் கூலி. விரல் வெடிப்பில் புளி ஏறிக் காந்தும்போதெல்லாம் அவளுக்கு அவன் நினைப்பு வந்தது. தன் விரல் நுனியில் இருப்பது அவனுக்கு உடம்பு பூராவும் இருக்கிறது என்று நினைத்தால் காந்தல் கொஞ்சம் இனித்தது.

அவன் என்பது சசிதர். ஊருக்கு மேற்கே இருக்கும் மஞ்சி மில்லின் சின்ன முதலாளி. தேங்காய் மட்டையை அடித்து நார் எடுக்கும் மில்லை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். மகள் கனிஷ்கா பால்வாடிக்குப் போன காலத்திலிருந்து போன மாசி வரைக்கும் சென்னியம்மாள் அங்கேதான் வேலை பார்த்தாள். வெயிலில் நாரைப் பரப்புவது, புரட்டுவது, உதறுவது, கட்டுவது. பெரியவர் திருமலைசாமி உயிரோடு இருந்தவரை கூலி குறைவுதான். ஆனால் குறைவு என்று அவரே ஒத்துக்கொள்வார். தீபாவளிக்குச் சேலை கொடுக்கும்போது, இந்த மில்லை நம்பி யாரும் ஊடு கட்ட முடியாது அம்மணி, கஞ்சி குடிக்கலாம் என்பார். அந்தக் கிழவர் மேல் அவளுக்குக் கோபம் வந்ததே இல்லை. ஏன் வரவில்லை என்று இப்போது யோசித்தால் அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

சசிதர் கோயமுத்தூரில் படித்துவிட்டு வந்தவன். நார்த்தூளைக் கட்டியாக அமுக்கி வெளிநாட்டுக்கு அனுப்ப ஆரம்பித்தான். மில்லுக்குப் புதுக் கூரை வந்தது, அவனுக்குப் புதுக் கார் வந்தது. அரசாங்கம் கூலியை உயர்த்திய வருசம், சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் சட்டப்படியான கூலி பேங்க் வழியாகப் போகிறதா என்று கேட்டார்கள். போகிறது என்று அவன் காட்ட வேண்டியிருந்தது. ஆகவே போட்டான், முழுசாகவே போட்டான். முதல் மாதம் பேங்கிலிருந்து மெசேஜ் வந்தபோது பெண்கள் களத்திலேயே செல்லை எடுத்து ஒருத்திக்கொருத்தி காட்டிக்கொண்டார்கள். கனிஷ்காவை நர்சிங் சேர்த்துவிடலாம் என்று சென்னியம்மாள் துணிந்தது அந்த மெசேஜைப் பார்த்துத்தான். புருசன் திருமூர்த்தி லாரியோடு கேரளாவுக்குப் போனால் எப்போது வருவார், என்ன கொண்டுவருவார் என்று சொல்ல முடியாது. அந்தப் பணத்தை நம்பி ஒரு பாக்கெட் சீரகம்கூட வாங்க முடியாது. இது அப்படி இல்லை, மாதாமாதம் வரும் என்று அவள் நம்பினாள்.

இரண்டு நாள் கழித்து சசிதர் எல்லோரையும் ஆபீஸ் ரூம் முன்னால் நிறுத்திக் கனிவாகப் பேசினான். இவ்வளவு கூலி கொடுத்தால் மில்லுக்குக் கட்டாது. கட்டாவிட்டால் மூட வேண்டியதுதான். மூடினால் யாருக்கு நட்டம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அதனால் புதுசாக ஏறின காசை மட்டும் எடுத்துவந்து அம்மன் உண்டியலில் போட்டுவிட வேண்டும். யாராவது வந்து கேட்டால் கோயிலுக்குக் காணிக்கை போடுகிறோம் என்று சொல்லுங்கள், அது பொய்யும் இல்லையே என்று சிரித்தான்.

உண்டியல் என்பது ஆபீஸ் ரூமில் இருந்த ஒரு எவர்சில்வர் குடம். வாயில் மஞ்சள் துணி கட்டி, துணியில் ஒரு கிழிசல். அதற்கு மேலே சுவரில் ஆனைமலை மாசாணியம்மன் படம். காலை நீட்டிப் படுத்திருக்கிறவள். அவளுக்கு முன்னால் யாரும் குறைத்துப் போடவில்லை. சின்னவர் உள்ளே செல்போனைப் பார்த்துக்கொண்டிருப்பார், அவர்கள் எதிரில் எண்ணக்கூட மாட்டார். பெண்கள் கும்பிட்டுவிட்டுப் போட்டார்கள். அந்தக் கும்பிடுதான் சென்னியம்மாளுக்கு இன்னும் ஆறவில்லை. கூலியைத் திருப்பிக் கொடுத்ததுகூடப் பெரிசில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டு கொடுத்தோமே.

மாசியில் கனிஷ்காவின் காலேஜில் பீஸ் கட்டச் சொன்னார்கள். கட்டாவிட்டால் பரீட்சை எழுத முடியாது. அந்த மாதம் சென்னியம்மாள் உண்டியல் பக்கம் போகவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. அடுத்த மாதம் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். போடப்போவதில்லை என்பதும் அவளுக்கு உள்ளே தெரிந்துதான் இருந்தது.

மற்றவர்கள் உண்டியலில் போட்ட மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் சசிதர் ஒரு தட்டில் கற்பூரம் ஏற்றிக் கொண்டுவந்தான். அம்மன் காசு குறைகிறது, எடுக்காதவர்கள் இதை அணைத்துச் சத்தியம் பண்ணுங்கள் என்றான். ஆபீஸ் ரூமைக் கூட்டுகிறவள் நீதான் என்று சென்னியம்மாளைப் பார்த்துச் சொன்னான். அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "அது என்ர கூலிங்க. நான் போடலீங்க, அவ்வளவுதான்" என்றாள்.

"போடாத காசுன்னாலும் அது சாமி காசு. சாமி காச எடுத்து ஊட்ல வெச்சுக்கிட்டா அதுக்குப் பேரென்ன?"

அவள் திரும்பிப் பார்த்தாள். களத்துப் பெண்கள் எல்லோரும் சோற்றுப் போசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, அவள் போசியிலிருந்து ரசம் ஊற்றிக்கொள்கிற பூஜிதாவும் நின்றாள். ஒருத்தி வாயைத் திறந்து, அந்தக் காசு எங்க கூலிதானுங்க என்று சொல்லியிருந்தால் போதும். எல்லோரும் தரையில் கிடந்த நாரைப் பார்த்தார்கள். சரி, சத்தியம்தானே, பண்ணுகிறேன் என்று சென்னியம்மாள் கற்பூரத்தை அணைக்கக் கையை நீட்டினாள். அவன் தட்டைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"உன்ர சத்தியத்துக்கு என்ன மரியாதை? போ."

நீட்டிய கை காற்றில் அப்படியே இருந்தது. இத்தனை மாதத்துக்குப் பிறகும் சில நேரம் அந்தக் கை இன்னும் நீட்டிக்கொண்டே இருப்பதாக அவளுக்குத் தோன்றும். திறக்காத போசியோடு வீட்டுக்கு நடந்து வந்தாள்.

அதற்குப் பிறகு வேறு எந்த மில்லிலும் வேலை கொடுக்கவில்லை. எல்லா மில்லுக்காரர்களும் ஒருவருக்கொருவர் போனில் பேசிக்கொள்கிறவர்கள். மளிகைக் கடைக்காரர் அவள் கொடுத்த நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். குழாயடியில் ஒருத்தி தன் குழந்தையிடம், சாமி காசுக்காரி வருது, ஒதுங்கு கண்ணு என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை, கேட்கிற மாதிரி சொன்னாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சென்னியம்மாள் வரமிளகாய் வாங்கிக்கொண்டு ஆனைமலைக்கு பஸ் ஏறினாள். மாசாணியம்மன் கோயிலில் அநியாயம் செய்தவன் பேரைச் சொல்லி மிளகாய் அரைத்து, நீதிக்கல்லில் பூசிவிட்டு வருவார்கள். பூசினவர்களின் எரிச்சல் அநியாயம் செய்தவன் உடம்பில் போய் ஏறும் என்பது நம்பிக்கை. நியாயம் கிடைத்த பிறகு அரைத்தவரே வந்து எண்ணெய் ஊற்றி அம்மனைக் குளிர வைக்க வேண்டும். அதுவரைக்கும் அவள் அடங்க மாட்டாள்.

அங்கே வரிசை நின்றது. அவளுக்கு முன்னால் ஒரு சின்னப் பெண் அழுதுகொண்டே அரைத்தாள். கண்ணைத் துடைத்த கையிலும் மிளகாய் இருந்ததால் மேலும் அழுதாள். சென்னியம்மாளின் முறை வந்தது. மிளகாயைக் கல்லில் கொட்டினாள். குழவியையும் பிடித்துவிட்டாள். நிமிர்ந்து பார்த்தபோது, மில்லில் உண்டியலுக்கு மேலே மாட்டியிருந்த அதே படம் அங்கேயும் ஒரு தூணில் மாட்டியிருந்தது.

நீ அங்கேயே இருந்தாயே. உன் பேரைச் சொல்லித்தானே வாங்கினான். உன் கண் முன்னால்தானே தட்டை இழுத்தான். உனக்குத் தெரியாததா? நான் வேறு பஸ் பிடித்து வந்து உனக்கு எடுத்துச் சொல்ல வேண்டுமா?

அவளுக்குள் அப்படி ஒரு கோபம் வந்தது. அது மட்டும் என்றால் அடுத்த நிமிசம் கன்னத்தில் போட்டுக்கொண்டு அரைத்திருப்பாள். அதற்குக் கீழே இன்னொன்று இருந்தது. தன்னிடம் இப்போது மிச்சம் இருப்பது இந்த ஆத்திரம் ஒன்றுதான். வேலை போனது, பேர் போனது. இதையும் கல்லில் தேய்த்து அம்மனிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பினால் வீட்டுக்கு எதை எடுத்துக்கொண்டு போவது? இது என்னுடையது. இதை யாருக்கும் கொடுக்க மாட்டேன், சாமியாக இருந்தாலும் சரி.

பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். அவள் மிளகாயைத் திரும்பப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். அந்த வாரம் கனிஷ்கா ஹாஸ்டலிலிருந்து வந்தபோது அதே மிளகாயை வறுத்துப் பூண்டு வைத்துச் சட்னி அரைத்தாள். இதைத்தான் சாமிக்கு அரைக்கப் போனயாம்மா என்று கேட்டு, மூக்கில் தண்ணீர் வழிய மூன்று தோசை தின்றாள் கனிஷ்கா. சாமிக்கு அரைக்கவில்லை என்ற உண்மை தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் அவர்கள் இரண்டு பேர்தான்.

ஏனென்றால், மில்லுக்கு மட்டை ஏற்றி வருகிற டிராக்டர்காரர் சென்னியம்மாளை ஆனைமலை பஸ் ஸ்டாண்டில் பார்த்துவிட்டார். கையில் மிளகாய்ப் பை. கண் சிவந்திருந்தது. அவள் கோயிலுக்குப் போகும்போது பார்த்தாரா, திரும்பும்போது பார்த்தாரா என்று யாரும் கேட்கவில்லை. சென்னியம்மாள் மிளகாய் அரைத்துவிட்டாள் என்று மறுநாள் மில் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. அடுத்த மாதத்துக்குள் சசிதரின் கழுத்தில் சிவப்புச் சிவப்பாகத் தடித்தது.

நேற்றைக்குப் பூஜிதா வந்து மீதியைச் சொன்னாள். மாசிக்குப் பிறகு அவள் இந்த வாசலை மிதித்தது நேற்றுத்தான். கோயமுத்தூரில் பெரிய டாக்டரிடம் காட்டியும் கேட்கவில்லையாம். தோல் எரிகிறது, எரிகிறது என்று கத்துகிறானாம். அவனே ஒருநாள் ஆபீஸ் ரூமிலிருந்து உண்டியலைத் தூக்கிக் கொண்டுபோய் கோயிலில் கொடுத்துவிட்டு வந்துவிட்டான். படத்தையும் கழற்றிவிட்டான். போன மாதமும் இந்த மாதமும் யாரும் ஒரு பைசா திருப்பிக் கொடுக்கவில்லை. ஏறின கூலி கையில் நிற்கிறது. தன் பையனைப் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டதாகப் பூஜிதா சொன்னாள். சொல்லிவிட்டு, எதற்கு வந்தாளோ அதைச் சொன்னாள்.

"சின்னவரோட அம்மா உங்களைப் பாக்க வருவாங்களாட்ட இருக்குதுங்கக்கா. எண்ணெய் ஊத்தச் சொல்லிக் கேப்பாங்க. ஊத்தாதீங்கக்கா. அது எரியற வரைக்குந்தான் எங்களுக்குக் கூலி."

சென்னியம்மாள் அவளுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அன்னைக்கு அந்த நார்ல என்னடி அப்படி அழகு, குனிஞ்சு பாத்துக்கிட்டே நின்ன என்று கேட்டாள். பூஜிதா காப்பியை மட்டும் குடித்தாள். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

அவள் சொன்ன மாதிரியே இப்போது வெள்ளைக் கார் சந்து முனையில் வந்து நின்றது. சந்துக்குள் நுழையாது. பங்காரம்மா டிரைவரை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டுத் தனியாக நடந்து வந்தார். திருமலைசாமியின் மனைவி, சசிதரின் அம்மா. மில்லில் ஆயுத பூஜைக்கு மட்டும்தான் அவரைப் பார்க்க முடியும். பட்டுச் சேலையில் வந்து பொரி கொடுத்துவிட்டுப் போவார். இன்றைக்குப் பருத்திச் சேலை. செருப்பை ரோட்டிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்தார். புளிக்கொட்டை குத்திக் காலைத் தூக்கினார்.

வாங்கம்மா என்று சொல்லி சென்னியம்மாள் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துப் போட்டாள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு சாக்கில் உட்கார்ந்து தட்டுவதைத் தொடர்ந்தாள். வீட்டுக்கு வந்தவரை வைத்துக்கொண்டு வேலை செய்வது மரியாதை இல்லை என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தாள்.

பங்காரம்மா கொஞ்ச நேரம் கனிஷ்காவைப் பற்றி விசாரித்தார். மழை இல்லை, தென்னையெல்லாம் காய்ந்து நிற்கிறது என்றார். விசயத்துக்கு வர அவருக்கு வழி தெரியவில்லை. சாக்கிலிருந்து ஒரு புளியை எடுத்துத் தன்னை அறியாமல் நாரை உரித்தார். வளையல் இடித்தது. சென்னியம்மாள் உதவி செய்யவில்லை. இந்த வீட்டு வாசலில் இந்த அம்மாள் வார்த்தைக்குத் தவிக்கிறாள் என்பதை அவள் வெல்லக்கட்டி மாதிரி வாயில் அடக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் பங்காரம்மா அழாமல்தான் பேசினார். பையன் குப்புறப் படுத்தபடி கிடக்கிறான், சோறு இறங்கவில்லை. அவன் சம்சாரம் பயந்துகொண்டு குழந்தையோடு கோயமுத்தூர் போய்விட்டாள்.

"நாங்க பெருமாளைக் கும்புடறவிய. உங்களுக்கெல்லாம் பயம் இருக்கட்டும்னு இவன்தான் அந்தம்மாளக் கொண்டாந்து மாட்டிப்போட்டான். அப்பவே சொன்னேன், வேற ஏதாச்சும் சாமிய வெச்சுக்கடா, அவகிட்ட வெளையாடாதேன்னு. கேட்டாத்தான?"

சென்னியம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அப்படியென்றால் இந்த அம்மாளுக்கு உண்டியல் தெரியும். பொரி கொடுத்த கைக்கு எல்லாம் தெரியும். இவர் கணக்கில் அதில் இருந்த ஒரே தப்பு, சாமி மாறிப்போனதுதான்.

"டாக்டர் என்னங்க சொல்றாரு?" என்று கேட்டாள்.

"தூசுங்கறாரு. மஞ்சித் தூசு ஒடம்புக்கு ஒத்துக்கல, மில்லுப் பக்கமே போகக் கூடாதுங்கறாரு. ரூமுக்குள்ள ஒக்காந்திருக்கறவனுக்குத் தூசு எப்புடி அம்மணி ஏறும்?"

எங்களுக்கு ஏறின மாதிரிதான் என்று சென்னியம்மாள் நினைத்தாள். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமிச் செருமி, ராத்திரியெல்லாம் முழங்கையைச் சொறிந்துகொண்டு இருந்தபோது யாரும் ஆனைமலைக்கு ஆள் அனுப்பவில்லை. களத்துப் பெண்கள் உதறிய தூசு ஏசி மெஷின் வழியாக அவன் கழுத்தைக் கண்டுபிடித்திருக்கிறது. அம்மன் செய்ததைவிட இது அவளுக்கு இன்னும் பிடித்திருந்தது.

பங்காரம்மா தான் கொண்டுவந்ததை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். நாளைக்கே வேலைக்கு வரலாம். களத்தில் வேண்டாம், நிழலில், பேக்கிங்கில். அரசாங்கக் கூலி முழுசாக, ஒரு பைசா திருப்பித் தர வேண்டாம். கனிஷ்கா படித்து முடிக்கிறவரை பீஸ் தன்னுடையது. திருடவில்லை என்று மகனே ஊர் முன்னால் சொல்லுவான். அதற்குப் பதிலாகக் காரில் ஏறி ஒரு தடவை ஆனைமலைக்கு வந்து எண்ணெய் ஊற்ற வேண்டும். எண்ணெய் காரில் இருக்கிறது.

சென்னியம்மாளின் கை நின்றது. கனிஷ்காவின் அடுத்த பீஸுக்குப் புளியை நம்பி இருக்கிறாள். புளி எவ்வளவு தட்டினாலும் காலேஜ் வாசல் வரைக்கும் போகாது. காலையில் போனில் திருமூர்த்தியும், கூப்பிட்டாப் போயிரு, வீம்பு பண்ணாதே என்றுதான் சொன்னார். எதற்குக் கூப்பிடுவார்கள் என்று அவருக்குத் தெரியாது.

"மத்தவிங்களுக்குங்கம்மா?"

"மத்தவிங்களுக்கு என்ன?"

"உண்டியலு திரும்ப வருமுங்களா?"

பங்காரம்மா கையிலிருந்த புளியைப் பார்த்தார். "மில்லு நடக்கோணுமல்ல கண்ணு. இத்தன பேருக்கும் அந்தக் கூலி குடுத்தா எத்தன நாளைக்குத் தாங்கும்? அதெல்லாம் அவன் எந்திரிச்சு வந்து பாத்துக்குவான். இந்தத் தடவ பெருமாளையே வெச்சுக்கச் சொல்றேன்."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. மனசாரச் சொன்னார்.

அப்போது சென்னியம்மாளுக்கு வேறொரு காட்சி தெரிந்தது. பேக்கிங் நிழலில் அவள் உட்கார்ந்திருக்கிறாள். சம்பளத்துக்கு மறுநாள் பூஜிதா, அவளுக்குப் பின்னால் மற்ற பெண்கள், வரிசையாக ஆபீஸ் ரூமுக்குப் போகிறார்கள். பெருமாள் படத்துக்குக் கீழே புதுக் குடம். குனிந்து போடுகிறார்கள். சென்னியம்மாள் மட்டும் போட வேண்டியதில்லை. அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருக்கலாம். அவர்கள் தரையைப் பார்ப்பார்கள். இப்போது பாருங்கடி நாரை, ஆசை தீரப் பாருங்க.

அந்தக் காட்சி அவளுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. சசிதர் மேல் இருந்த ஆத்திரத்தைவிட, நின்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள் மேல் இருந்ததுதான் ஆழத்தில் கிடந்திருக்கிறது என்பது அவளுக்கே இப்போதுதான் தெரிந்தது. அவன் எதிரி, அவன் அப்படித்தான் செய்வான். இவர்கள் அவள் ரசத்தைச் சாப்பிட்டவர்கள். காரில் ஏறினால் போதும். அவன் ஊர் முன்னால் வாயைத் திறப்பான், இவர்கள் குனிவார்கள், இரண்டு பக்கமும் பழி தீர்ந்துவிடும்.

அவள் அதைக் கொஞ்ச நேரம் மனசுக்குள் வைத்துப் பார்த்தாள். அப்போது அந்த நிழலில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முகத்தையும் பார்க்க வேண்டியிருந்தது. அது பொரி கொடுக்கிற முகமாக இருந்தது. எல்லாம் தெரிந்துகொண்டு, வருசத்துக்கு ஒரு நாள் வந்து சிரிக்கிற முகம். சீ என்று அவளுக்குள் ஏதோ காறித் துப்பியது. பூஜிதாவுக்காக அவள் மனசு இளகிவிடவில்லை. அந்தப் பையன் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் போகாவிட்டாலும் அவளுக்கு ஒன்றுமில்லை என்றுதான் அப்போதும் சொல்லிக்கொண்டாள். ஆனால் சசிதர் எழுந்து உட்கார்ந்து, முதுகு ஆறி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மறுபடியும் ஒரு தட்டில் கற்பூரம் ஏற்றுவதை அவளால் சகிக்க முடியவில்லை.

"வேண்டாமுங்க" என்றாள்.

பங்காரம்மா நாற்காலியிலிருந்து இறங்கிச் சாக்கில் உட்கார்ந்துவிட்டார். சென்னியம்மாள் அதை எதிர்பார்க்கவில்லை. புளி ஒட்டிய அவள் கையைப் பிடித்துக்கொண்டு, பீஸ் போதாதா, நிலம் வேண்டுமா, என்ன வேண்டும் சொல்லு என்றார். எல்லாருக்கும் முழுக்கூலி, உண்டியல் வேண்டாம், அதை ஊர் முன்னால் உங்க பையன் சொல்லட்டும் என்று சென்னியம்மாள் சொல்லிப் பார்த்தாள். பங்காரம்மா கையை விட்டுவிட்டார். அதை மட்டும் கேக்காதே அம்மணி, அவன் ஒத்துக்க மாட்டான் என்றார். உடம்பு பூரா எரிகிறபோதும் அவன் எதை விடமாட்டான் என்பது அவன் அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

மண்டிக்காரரின் வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டு ரோட்டில் போனது.

பிறகு பங்காரம்மா இடுப்பிலிருந்து செல்லை எடுத்தார். யாரையோ கூப்பிட்டு, "இருடா, இங்கதான் இருக்கறா" என்று சொல்லிவிட்டு அதைக் கையில் பொத்திக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"சரி, கோயிலுக்கு வர வேண்டாம். எண்ணெய் ஊத்த வேண்டாம். அரைக்கவே இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடு. பொய்யா இருந்தாலும் பரவால்ல. உன்ர வாயால கேட்டான்னா நம்பிக்குவான், இன்னைக்காச்சும் கண்ண மூடுவான். ஒரு வார்த்தைதான் கண்ணு."

சென்னியம்மாள் அவரைப் பார்த்தாள். அந்த ஒரு வார்த்தை அவள் நாக்கு நுனியில்தான் இருந்தது. சொன்னால் அது பொய்கூட இல்லை. இத்தனை மாதத்தில் யாரும் அவளிடம் உண்மையைக் கேட்கவில்லை. முதல்முறையாகக் கேட்கிறார்கள், அதையும் பொய் என்று நினைத்துக் கேட்கிறார்கள். அன்றைக்குத் தட்டை இழுத்துக்கொண்டவன்தான் இப்போது அந்தப் பக்கத்தில் காதை வைத்துக்கொண்டு, அவள் வாயிலிருந்து ஒரு சத்தியம் விழாதா என்று காத்திருக்கிறான். அன்றைக்கு மரியாதை இல்லாத சத்தியம்.

பங்காரம்மா செல்லை அவள் முகத்துக்கு நேராக நீட்டினார். அதிலிருந்து முதலில் மூச்சுச் சத்தம்தான் கேட்டது. பிறகு, "அக்கா" என்றது. மில்லில் அவன் அவளை இந்தாம்மா என்றுதான் கூப்பிடுவான். "அக்கா, கேக்குதுங்களா?"

எல்லாம் கேட்டது. அவன் குரல் வறண்டிருந்தது. எங்கோ ஒரு பேன் சுற்றுகிற சத்தமும் கேட்டது. அதையெல்லாம் அவள் நிதானமாக, ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டாள்.

பங்காரம்மா செல்லை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார். வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கண்ணால் கெஞ்சினார்.

சென்னியம்மாள் இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

"நீங்களே வெச்சுக்குங்கம்மா. கையெல்லாம் புளியா இருக்குதுங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கல்லைக் காலுக்கிடையில் இழுத்து வைத்துக்கொண்டு அடுத்த புளியை எடுத்தாள்.